ஆறு மாத ஷெட்

எனக்குக் கிடைத்த ஷெட்டில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. கூரை இருந்தது, மேற்கு மூலையில் ஒழுகியது. ஆனாலும் அது அரசாங்கம் கொடுத்தது. மாஜி ராணுவத்தினர் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று குறைந்த வாடகைக்குக் கொடுத்தது. மின்சார இணைப்பும் மற்றவர்களுக்கு முன்னால் எனக்கு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நிறையக் குறை சொல்லப் போகிறேன்.

பதினைந்து வருடம் ராணுவ ஒர்க்ஷாப்பில் எலெக்ட்ரீஷியன். அறுபத்தைந்து சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து, ஹவில்தாராக வெளியே அனுப்பினார்கள். வயது முப்பத்தாறு. தாம்பரம் மேற்கில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்தோம். என் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் சம்பளத்தில் வீடு நடந்தது. நான் வேலை தேடினேன். எங்கே போனாலும் என் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு ஒரே வேலையைத்தான் சொன்னார்கள்: வாட்ச்மேன். பதினைந்து வருடம் டாங்கியின் வயரிங்கைப் பிரித்துக் கட்டியவனுக்குக் கேட்டில் ஒரு ஸ்டூல். வருகிற கார்களுக்கெல்லாம் சல்யூட். சண்டை நடந்தபோது ஸ்டேஷனில் மாலை போட்டவர்களும், கொடி நாளன்று உண்டியல் குலுக்கியவர்களும் எங்களுக்காக யோசித்து வைத்திருந்தது அந்த ஸ்டூலைத்தான்.

ஆகவே ஷெட் கிடைத்தபோது அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். பல்லாவரத்திலிருந்து பம்மல் போகும் வழியில் வரிசையாகப் பன்னிரண்டு ஷெட்டுகள் கட்டியிருந்தார்கள். இரண்டு எங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஒன்று எனக்கு. பக்கத்து ஷெட், ராணுவத்தில் லாரி ஓட்டிய ஒரு லான்ஸ் நாயக்குக்கு. நிபந்தனை ஒன்றுதான். ஆறு மாதத்துக்குள் ஒதுக்கப்பட்ட ஆளே தொழில் நடத்திக் காட்ட வேண்டும். தொழில் இலாகா இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் ஷெட் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்கு மறுபடியும் ஸ்டூல்.

நான் தொடங்கியது மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரில் உள்ள செம்புக் கம்பிச் சுருளை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றி வைப்பது. சுற்றிலும் டேனரிகள். தோல் ஊறும் பெரிய மர டிரம்களை மோட்டார்தான் சுற்றுகிறது. ஈரத்திலும் சுண்ணாம்பிலும் கிடக்கிற மோட்டார்கள் எரிந்துகொண்டே இருக்கும். இடம் சரியான இடம். தொழிலும் எனக்குத் தெரிந்த தொழில். கெடுத்தது நான்தான்.

முதல் மோட்டார் பக்கத்து டேனரியிலிருந்து வந்தது. ஐந்து குதிரைச் சக்தி. கொண்டு வந்தவர் அங்கே மேஸ்திரி. முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு வெளுப்பு ஏறிய ஒல்லி மனிதர். "ஜல்தியா குடு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராணுவ ஒர்க்ஷாப்பில் ஒரு பொருள் வந்தால் முதலில் அதை முழுக்கப் பிரிக்க வேண்டும். என்னென்ன பழுது என்று பட்டியல் எழுத வேண்டும். நான் பிரித்தேன். காயில் எரிந்திருந்தது. ஷாஃப்ட் தேய்ந்திருந்தது. இரண்டு பேரிங்கும் போயிருந்தன. உள்ளே இரும்புத் தகடுகள் ஓரிடத்தில் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. இத்தனை பழுது இருந்தால் ராணுவத்தில் ஒரு விதி உண்டு. சரி செய்கிற செலவுக்குப் பொருள் தகாது என்றால் அதைக் கழித்துவிட வேண்டும். கழித்ததற்கு அடையாளமாக சிவப்புப் பெயிண்டில் பி.இ.ஆர். என்று மூன்று எழுத்து எழுத வேண்டும். நான் அதைப் பல நூறு தடவை எழுதியிருக்கிறேன். எழுதினால் டிப்போவிலிருந்து புதுசு வரும்.

நாலு நாள் எடுத்துக்கொண்டேன். பழுதுகளைப் பட்டியல் போட்டேன். மோட்டாரின் முதுகில் அழகாக மூன்று எழுத்து எழுதினேன். காய்ந்ததும் கைவண்டியில் ஏற்றி டேனரிக்கு அனுப்பி வைத்தேன். நல்ல வேலை செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஒரு மணி நேரத்தில் மேஸ்திரி வந்து நின்றார்.

"இன்னா சார் இது? மோட்டார் மேல இன்னாவோ எயிதிகீறே?"

"பி.இ.ஆர்."

"அப்டின்னா?"

"சரி பண்றது வீண். கழிச்சாச்சு. புதுசு போடுங்க."

"யாரு கழிச்சது?"

"நான்தான்."

"மோட்டாரு உன்துதா?"

நான் பெயிண்ட் டப்பாவை மூடி வைத்தேன்.

"எங்க மொதலாளி மோட்டார கழிக்க நீ யாருய்யா? நாலு நாளா வச்சினு இருந்துட்டு, பொட்டு வச்சு அனுப்பிகீறே. அங்க டிரம்முல தோலு ஊறிக்கினு கீது. அது அழுவிப் போனா உங்க மிலிட்ரி வந்து தோலு குடுக்குமா?"

"ரூல் அப்படி."

"ரூலா? இது டேனரி சார். இங்க நாத்தம்தான் ரூலு."

போய்விட்டார். பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு முதலாளி அவரை எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். பக்கத்து மோட்டாரிலிருந்து பெல்ட் இழுத்து இரண்டு டிரம்மையும் ஒன்றாகச் சுற்ற வைத்துச் சமாளித்தார்களாம். என் மோட்டாரை முற்றத்தில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

பம்மலில் ஒரு செய்தி பரவ ஒரு நாள் போதும். டீக்கடையில் எனக்குப் பெயிண்ட் சார் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த இரண்டு மாதம் ஒரு மோட்டார்கூட வரவில்லை. நான் தினமும் காலை தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ரயில் ஏறி பல்லாவரத்தில் இறங்கி நடந்து வந்தேன். எட்டு மணிக்கு ஷெட்டைத் திறந்தேன். கருவிகளைத் துடைத்து வரிசையாக வைத்தேன். ஐந்து மணிக்கு மூடினேன். முகச்சவரம் ஒருநாள்கூடத் தவறவில்லை. தப்பு என்னுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த சிவிலியன்களுக்கு ஒழுங்கு கிடையாது என்றுதான் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஷெட் லான்ஸ் நாயக் என்னைப் பார்த்துச் சிரிப்பான். அவன் புளியந்தோப்பில் பிறந்தவன். அவன் தன் ஷெட்டை முதல் மாதமே ஒரு வியாபாரியிடம் விட்டுவிட்டான். டேனரிகளுக்குச் சுண்ணாம்பு விற்கிறவர். ஷெட் இவன் பெயரில், மூட்டைகள் அவருடையவை. மாதம் பிறந்தால் இவன் கையில் ஏதோ கொடுப்பார்.

"ஹவில்தார் சாப், இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்பான். "கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வூட்ல குந்து. நாம பண்ணாத டூட்டியா?"

அந்த வியாபாரி ஒருநாள் என்னிடமே வந்தார். இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதை இடித்துவிட்டால் அவருக்குப் பெரிய கிடங்கு. மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். உங்க பேரு மட்டும் இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு அந்த மெடலுங்க எல்லாம் குத்திகினு வந்து குந்துங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

"மெடல் எதுக்கு?"

"பாக்கறதுக்கு சோக்கா இருக்கும். ராணுவக்காரர்னு அவருக்கும் ஒரு திருப்தி."

வெளியே போ என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று கேட்டார். இரண்டரை மாதம். "யோசிச்சு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நிதானமாகப் போனார். அந்த நிதானம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கத்தித் தீர்த்தேன். என் மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"மெடல் குத்திக்கிட்டு உக்காரச் சொன்னதுல உங்களுக்கு என்ன இவ்வளவு கோவம்? வாட்ச்மேனா போனா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உக்காரத்தான் சொல்வாங்க."

"கிண்டலா பண்ற?"

"இல்லங்க, நிஜமாத்தான் கேக்குறேன். அந்த மோட்டார் இருக்கே, அதை உங்களால சரி பண்ண முடியாதா?"

"முடியும். ஆனா ரூல்படி பண்ணக்கூடாது."

"யாரு ரூல்?"

"ராணுவத்துல."

"அந்த மோட்டார் ராணுவத்துல சேந்துருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது. சாப்பிடாமல் படுத்தேன். ஆனால் புரண்டு புரண்டு படுத்தபோது ஷாஃப்டை எப்படி ஏற்றுவது, உருகின தகடுகளை எப்படிப் பிரிப்பது என்றுதான் மனசு ஓடியது. விடிவதற்குள் மோட்டாரை மனசுக்குள்ளேயே கட்டி முடித்திருந்தேன்.

காலையில் ஷெட்டுக்குப் போகவில்லை. நேராக டேனரிக்குப் போனேன். மேஸ்திரி டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"வா சார். இங்க இன்னும் எதுனா கீதா கழிக்கறதுக்கு? அப்டியே என்னையும் பாத்துட்டுப் போ. முட்டி ரெண்டும் போச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

"அந்த மோட்டாரக் குடுங்க. ஓட்டித் தரேன்."

"அன்னிக்கி செத்துச்சுன்னே?"

"தப்பா சொல்லிட்டேன்."

அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுதத் தெரியவில்லை.

"ஓடலைன்னா?"

"ஒரு பைசா வேண்டாம். ஓடினா குடுங்க."

"எடுத்துனு போ. ஆனா ஒண்ணு. எனக்கு அத்த புதுசாக்கித் தர வோணாம். சுத்தணும், அவ்ளோதான்."

மோட்டார் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் மழையில் நனைந்து கிடந்தது. என் சிவப்பு எழுத்து மட்டும் கொஞ்சமும் மங்கவில்லை. நல்ல பெயிண்ட். உப்புத்தாளால் தேய்த்து எடுக்கவே அரை நாள் ஆனது.

ஷாஃப்டை சைக்கிளில் கட்டி குரோம்பேட்டையில் ஒரு லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். வெல்டிங் வைத்துக் கடைந்து கொடுத்தார். ஒட்டிக்கொண்ட தகடுகளை அரத்தால் ஒவ்வொன்றாக ராவிப் பிரித்து நடுவில் மைக்கா சொருகினேன். ராணுவத்தில் இதைச் செய்திருந்தால் என்மேல் குற்றம் சாட்டிச் சார்ஜில் போட்டிருப்பார்கள். எரிந்த கம்பியில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணி, அதே கனக் கம்பியில் அத்தனை சுற்றுச் சுற்றினேன். வார்னிஷில் முக்கி, எண்ணெய் டிரம்மை வெட்டி நானே செய்த கரி அடுப்பில் ராத்திரி முழுக்கக் காய வைத்தேன். இதில் மட்டும் நான் ராணுவத்தை விடவில்லை. காய வேண்டிய நேரம் காய்ந்தே ஆக வேண்டும்.

மோட்டார் ஓடியது. மேஸ்திரி காதை வைத்துக் கேட்டார். "சத்தம் கொஞ்சம் வருதே" என்றார். பழைய மோட்டார் அப்படித்தான் என்றேன். "சர்தான், எனக்கும் வருது" என்று முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

நான் அதோடு விடவில்லை. அடுத்த பத்து நாளும் காலை ஆறரைக்கே டேனரிக்குப் போய் அந்த மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் மூடும்போதும் போனேன். அப்போதுதான் பார்த்தேன். வேலை முடிந்ததும் டிரம்மை ஹோஸ் பைப்பால் கழுவுகிறார்கள். தண்ணீர் டிரம்மில் பட்டு நேராக மோட்டாருக்குள் தெறிக்கிறது. ஒவ்வொரு வருடமும் மோட்டார் எரிந்த காரணம் இதுதான். நான் நாலு நாள் பிரித்து மேய்ந்து பட்டியல் போட்டேனே, அதில் இது கிடையாது. ஷெட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு இது எப்படித் தெரியும்? எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, காற்றுப் போக வழி விட்டு, மோட்டாருக்குக் குடை மாதிரி ஒரு மூடி அடித்து மாட்டினேன். மற்ற மோட்டார்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

பிறகு மோட்டார்கள் வரத் தொடங்கின. ஒவ்வொருவனும் இறக்கி வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டான். "பெயிண்ட் டப்பாவ உள்ள வச்சுடு சார், பயமா கீது." நான் பதில் சொல்லாமல் வாங்கி வைத்தேன். தகுதியான கிண்டல்தான்.

ஆறு மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்தார். நான் கிழிந்த பனியனோடு, முழங்கை வரை வார்னிஷோடு, தரையில் உட்கார்ந்து ஒரு மோட்டாரிலிருந்து கம்பி பிடுங்கிக்கொண்டிருந்தேன். தோல்பை வைத்திருந்த ஒரு நடுவயதுக்காரர் வாசலில் நின்று கேட்டார்.

"ஏம்ப்பா, உங்க முதலாளி எங்கே? அந்த ராணுவக்காரர்?"

"நான்தான்."

அவர் சலித்துக்கொண்டார். "பக்கத்து ஷெட்டுலயும் இதேதான். அவராவது மெடல் எல்லாம் குத்திக்கிட்டு உக்காந்திருக்கார். மூட்டையில என்னன்னு கேட்டேன், அவருக்குத் தெரியல. தும்முறார். இங்க முதலாளியையே காணோம், உன்னை உக்கார வச்சிருக்காங்க."

"சார், நான்தான் ஹவில்தார். என் ஷெட்தான்."

"டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்?"

"ஆபீஸ்ல குடுத்தது உங்ககிட்ட இருக்கும். வேலை இங்க இருக்கு. அதைப் பாருங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். இருந்த மோட்டார்களைப் பார்த்தார். "இதையெல்லாம் டேனரிக்காரங்களே ஆள் வச்சு உங்க பேர்ல நடத்தலாம். நான் அப்படி நிறையப் பாத்துட்டேன். நாளைக்கு யாராவது கேட்டா என் கையெழுத்துதான் பதில் சொல்லணும். இந்த மோட்டாரை என் கண்ணெதிர்ல நீங்களே கட்டிக் காட்டுங்க" என்றார்.

ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். அதில் உட்கார்ந்தார். நான் கட்டினேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர் எழுந்து போகவில்லை. டீ வாங்கித் தரவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கடைசிச் சுருளைச் சொருகி, கட்டி, வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்தேன்.

"சரி, ஓட்டிக் காட்டுங்க. கையெழுத்துப் போட்டுடறேன்."

"இப்ப ஓட்டக்கூடாது. நாளைக்குத்தான்."

"ஒரு நிமிஷம் சுத்தினாப் போதும். எனக்கு பஸ் இருக்கு."

"ஈரத்தோட கரன்ட் குடுத்தா ஒரு நிமிஷத்துல புகைஞ்சிடும். டேனரிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். உங்க பஸ்ஸுக்காக அதை எரிக்க முடியாது."

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையெழுத்துப் போடவில்லை. பத்து நிமிஷம் கழித்துத்தான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. இன்னும் ஒரே நாள். ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று வாசல்வரை வந்தேன். திரும்பி வந்து அடுப்பில் கரி போட்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "அவரையும் கழிச்சிட்டீங்களா?" பிறகு அவளே, "ஈர மோட்டாரை ஓட்டாததுதான் சரி. சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அவர் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். காலையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியில் கரன்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மெகர் மீட்டரை வைத்து முள் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டினேன். அவருக்கு அது புரியவில்லை. சுவிட்சைப் போட்டேன். மோட்டார் எழுந்தது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து ரொம்ப நேரம் நின்றார். சூடு ஏறவில்லை. கவிழ்த்த பெட்டியில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது பக்கத்து ஷெட்டைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

லான்ஸ் நாயக்கின் ஷெட் ரத்தானது. வியாபாரி ஒரே நாளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார். இவனிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இவன் என் வாசலில் வந்து நின்று கத்தினான். "நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா அந்த ஆளு என்ன வுட்டுருப்பான். ஒரே யூனிஃபார்ம் போட்டோமேய்யா நாம."

"அவர் கேக்கல. கேட்டிருந்தாலும் உனக்காகப் பொய் சொல்லியிருக்க மாட்டேன்."

"இன்னா மனுஷன் நீ."

துப்பிவிட்டுப் போனான். எனக்கு அவன்மேல் கோபம்தான். அவன் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்துக்காகப் பட்டியலில் எத்தனை பேர் காத்திருந்தார்கள். ஆனால் அவனுக்கும் யாரோ ஒரு ஸ்டூலைத்தான் காட்டியிருப்பார்கள், அவன் அதையே ஷெட்டுக்குள் போட்டுக்கொண்டான் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை அவன் வந்தான். உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றான்.

"எதுனா வேல கீதா, ஹவில்தார் சாப்?"

"காயில் கட்டத் தெரியுமா?"

"தெரியாது."

"கத்துக்க எவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கிற?"

"உன் வாய்ல திட்டு வாங்கினு கத்துக்கணும்னா ஒரு வருசம் ஆவும்."

"சரி. சட்டையக் கழட்டி மாட்டு."

அன்றைக்கு மூன்று மோட்டார்கள் வந்து கிடந்தன. பெரியதைப் பெஞ்சில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அவன் ஒரு பக்கம் பிடித்தான், நான் ஒரு பக்கம் பிடித்தேன்.